சாம்பல் பூத்த கால்

கிணற்றில் ஆசைதீரக் குதித்துவிட்டு, தலையைத் துவட்டிச் சட்டையையும் மாட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாதவன்போல வீடு திரும்பும் பையனைப் பிடிக்க, நம் ஊர் அம்மாக்களிடம் ஒரு சோதனை உண்டு. முழங்காலுக்குக் கீழே நகத்தால் ஒரு கீறு. வெள்ளைக்கோடு விழுந்தால் ஆள் மாட்டிக்கொண்டான்.

யோசித்துப் பார்த்தால் இதில் விசித்திரங்கள் பல. தண்ணீரில் ஊறிய தோல் எப்படிக் காய்ந்துபோகும்? கறுத்த காலில் வெள்ளை எங்கிருந்து வந்தது? ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தடவியதும் அது எங்கே போனது? முகத்தில் வராத வெளுப்பு முன்னங்காலில் மட்டும் வருவானேன்?

வயது ஏறியபின் இதே கேள்வி வேறு வடிவில் வருகிறது. ஆடிக் காற்றிலும் மார்கழிக் குளிரிலும் முன்னங்கால் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. பாதத்தில் செருப்பு வாரின் தடம். கொசுக்கடித் தழும்புகள் கரும்புள்ளிகளாக நிற்கின்றன. ஒரே காலில் நாலைந்து நிறம். ‘இதுக்கு என்ன போடலாம்?’ என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்: எலுமிச்சை, தயிர், ஆவாரம்பூப் பொடி, ஏதோ ஒரு கிரீம். எதைப் போடுவது என்பதற்கு முன்னால், நாம் பார்ப்பது எதை என்று தெரிந்துகொள்வது நல்லது.

தோல் ஷாப்பில் கழியும் தோல்

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். தோலுக்கும்தான். பேகம்பூர் வட்டாரத்திலும் ஊரைச் சுற்றியும் தோல் பதனிடும் ஆலைகள் உண்டு. உள்ளூர்க்காரர்கள் ‘தோல் ஷாப்பு’ என்பார்கள். அங்கே உழைத்தவர்களின் வாழ்க்கையை எழுதிய டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

அங்கே ஆட்டுத்தோலை முதலில் தண்ணீரில் ஊறவைப்பார்கள். பிறகு சுண்ணாம்புக் குழிக்குப் போகும். சுண்ணாம்பின் காரம் மயிரையும் தோலின் மேலடுக்கையும் இளக்கிவிடும். அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, அடியில் இருக்கும் தடித்த நார் அடுக்கை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அந்த நார்களின் பெயர் கொலாஜன். அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையின் துவர்ப்பைக் கொண்டு அதைப் பதனிட்டார்கள். பின்னாளில் குரோமிய உப்பு வந்தது. செருப்பாகவும் பையாகவும் நம் கைக்கு வருவது இந்த நார் அடுக்குதான்.

ஆலை எதைக் கழித்துப் போடுகிறதோ, நம் காலின் நிறமும் மினுக்கும் வெளுப்பும் இருப்பது அதில்தான். அந்த மெல்லிய மேலடுக்கின் அடியில் உயிருள்ள செல்கள் ஓயாமல் பிறந்துகொண்டிருக்கின்றன. பிறந்தவை மெல்ல மேலே தள்ளப்பட்டு, போகும் வழியிலேயே இறந்து, தட்டையாகி, கெரட்டின் என்ற புரதம் நிறைந்த சிறு தகடுகளாகின்றன. நகமும் முடியும் இதே வகைப் புரதம்தான். உச்சியில் இந்தத் தகடுகள் பதினைந்து இருபது அடுக்காகப் படிந்து கிடக்கின்றன. மரத்தடியில் சருகு படிந்து கிடப்பதுபோல இருப்பதால், இந்த அத்தியாயத்தில் அதைச் ‘சருகுப் படலம்’ என்று அழைப்போம்.

முன்னங்காலில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. தலைமுடியின் தடிமனில் கால்வாசி. உள்ளங்காலில் மட்டும் அது பல மடங்கு தடித்திருக்கும். கண்ணாடி முன் நின்று நாம் கவலைப்படுவதில் பெரும்பகுதி இந்த இறந்த படலத்தைப் பற்றியது.

நூறு கதிர்களின் கணக்கு

இனி அந்த வெள்ளைக்கோட்டின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் நுழையும் ஒவ்வொரு எல்லையிலும் அதில் ஒரு பகுதி திரும்பிவிடும். எவ்வளவு திரும்பும் என்பது, இரண்டு பொருள்களும் ஒளியை வளைக்கும் திறனில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைப் பொறுத்தது. அந்தத் திறனுக்கு ‘ஒளிவிலகல் எண்’ என்று பெயர். காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 1.45, கெரட்டினுக்கு ஏறத்தாழ 1.55. இரண்டு எண்களும் நெருங்க நெருங்கத் திரும்பும் ஒளி குறையும்.

ஈரப்பதம் நிறைந்த காலில் சருகுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்திருக்கும். நூறு கதிர்கள் விழுந்தால் மேற்பரப்பில் திரும்புவது சுமார் ஐந்து. மீதி உள்ளே போய், நிறமியைச் சந்தித்து, தப்பியது மட்டும் வெளியே வருகிறது. அந்த நிறமியின் பெயர் மெலனின். அது வடிகட்டி அனுப்பும் ஒளியைத்தான் மாநிறம், கறுப்பு, சிவப்பு என்கிறோம்.

இப்போது தோல் காய்கிறது. சருகுகளின் ஓரம் சுருண்டு, நடுவே காற்று புகுகிறது. ஐந்து சருகுகள் இப்படிப் பிரிந்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் மேல்முகம், கீழ்முகம் என இரண்டு. ஆகப் பத்து எல்லைகள். ஒவ்வொன்றிலும் வந்து சேர்வதில் நூற்றுக்கு ஐந்து கதிர் திரும்புகிறது. திரும்பியது மீண்டும் மேல்சருகில் பட்டு உள்ளே போவதையும் கழித்துக் கணக்கிட்டால், நூறில் சுமார் 33 கதிர் நிறமியை எட்டாமலே வெளியே வந்துவிடும். நிறமி தொடாத ஒளியில் எல்லா நிறமும் இருக்கும். எல்லா நிறமும் கலந்தால் வெள்ளை. நகக்கீறலின் வேலை, ஏற்கெனவே தளர்ந்த சருகுகளை ஒரே கோட்டில் கிளப்பிவிடுவது மட்டுமே. அங்கே வெள்ளைப் பொருள் எதுவும் கிடையாது. சிக்கிய காற்றின் வேலை அது.

அதே இடத்தில் எண்ணெய் தடவுங்கள். காற்று இருந்த சந்துகளில் எண்ணெய் புகுகிறது. கெரட்டினும் எண்ணெயும் ஒளியை வளைப்பதில் ஏறக்குறைய ஒன்று. உள்ளே இருந்த பத்து எல்லைகளும் சேர்ந்து இப்போது திருப்புவது நூறில் ஒரு கதிர் அளவுதான். எண்ணெயின் மேற்பரப்பில் திரும்பும் மூன்று நான்கைச் சேர்த்தாலும் ஐந்தைத் தாண்டாது. முப்பத்து மூன்று ஐந்தாகிவிட்டது, வெளுப்பு மறைந்துவிட்டது. தண்ணீர் பட்டாலும் இதே வேலை நடக்கும். ஏழெட்டுக் கதிராகக் குறையும். ஆனால் தண்ணீர் ஆவியானதும் காற்று திரும்பி வந்துவிடும்.

இந்த வெளுப்பு கறுத்த காலில் பளிச்சென்று தெரிவதற்கும் இதே கணக்குதான் காரணம். வெளிர்ந்த தோல் உள்ளிருந்து நிறைய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதன்மேல் இன்னும் கொஞ்சம் கூடினால் கண்ணுக்குப் படாது. கறுத்த தோல் உள்ளிருந்து அனுப்பும் ஒளி குறைவு. அங்கே அதே கூடுதல் ஒளி சாம்பலாகத் தெரிகிறது. வறட்சி எல்லோருக்கும் வருகிறது. நம்மில் பலருக்கு அது கண்ணுக்கும் தெரிகிறது, அவ்வளவுதான்.

எண்ணெய் செய்யாத வேலை

அப்படியானால் எண்ணெய் தடவினால் போதுமா? 1952இல் இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை நேராகச் சோதித்தார். தடித்துக் காய்ந்து விறைத்த தோல் துண்டுகளை எண்ணெய்ப் பொருள்களில் ஊறவைத்தார். அவை இளகவில்லை. தண்ணீர் கிடைத்ததும் இளகின. சருகுப் படலத்தை மிருதுவாக வைத்திருப்பது தண்ணீர் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. அந்தப் படலத்தில் தண்ணீர் பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அது விறைத்து, வெடித்து, உதிரத் தொடங்கும்.

எண்ணெய்க்கு இரண்டு வேலை தெரியும். ஒன்று, வெளுப்பை உடனே மறைப்பது. மற்றொன்று, உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகாமல் மூடுவது. இல்லாத தண்ணீரை அதனால் தர முடியாது. காய்ந்த காலில் எண்ணெய் தடவுகிறவர் முதல் வேலையை மட்டும் வாங்கிக்கொள்கிறார். எண்ணெய் துணியில் துடைபட்டதும் காலையில் பார்த்த அதே கால் மாலையில் வந்து நிற்கும். ஈரக் காலில் தடவுகிறவருக்கு இரண்டும் கிடைக்கின்றன.

ஏன் முன்னங்கால்?

தோலுக்குச் சொந்தமாகவே எண்ணெய் உண்டு. முகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 எண்ணெய்ச் சுரப்பிகள் வரை இருக்கும். முன்னங்காலில் அவை மிகச் சொற்பம். உள்ளங்காலில் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே வறட்சி முதலில் தட்டும் கதவு கால்தான்.

இரண்டாவது காரணம், அந்தக் கிணற்றுப் பையனின் புதிருக்கும் விடை. சருகுகளுக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும் சில பொருள்கள் இயல்பாகவே இருக்கின்றன: யூரியா, லாக்டிக் அமிலத்தின் உப்புகள், சில அமினோ அமிலங்கள். இவற்றை ‘ஈரம்பிடிப்பான்கள்’ எனலாம். எல்லாமே தண்ணீரில் கரைபவை. ஒரு மணி நேரம் கிணற்றில் கிடந்தால் சருகு ஊதிப் பெருக்கிறது. ஈரம்பிடிப்பான்கள் கரைந்து வெளியேறுகின்றன. கரையேறியதும் காற்று பட்டு, ஊறிய தண்ணீர் வேகமாக ஆவியாகிறது. அதைத் தடுத்து நிறுத்த உள்ளே ஆள் இல்லை. முன்பிருந்ததைவிட அதிகம் காய்ந்துபோன சருகு ஓரம் சுருள்கிறது.

மூன்றாவது, ஊரின் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பங்கை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டிவிடுகிறது. பழனி மலைக்குக் கிழக்கே திண்டுக்கல் சமவெளிக்கு இறங்கி வரும்போது அது வறண்ட ஆடிக் காற்று. மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே, கொசுவிய புடவைக்குக் கீழே, நாள் முழுக்க அந்தக் காற்றை வாங்குவது முன்னங்கால்.

போர்த் தண்ணீரும் சோப்பும்

ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரில் சோப்பு பொங்கி நுரைக்கும். போர்த் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் நுரை எழாது. பக்கெட்டின் விளிம்பில் வெள்ளைக் கறை மட்டும் படியும். திண்டுக்கல் கடினப் பாறை நிலம். பாறை வெடிப்புகளில் நெடுநாள் தங்கிய தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். இதைத்தான் உப்புத்தண்ணீர் என்றும் கடினநீர் என்றும் சொல்கிறோம். தோல் ஆலைக் கழிவு இறங்கிய பகுதிகளில் நிலத்தடி நீர் இன்னும் மோசமாகிவிட்டதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

கால்சியம் சோப்போடு சேர்ந்தால் கரையாத கசடு உண்டாகும். பக்கெட்டில் படிவது அதுதான், காலிலும் படியும். 2018இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் சேர்ந்து நடத்திய ஆய்வில், கடினநீரில் கழுவிய தோலில் கழுவுபொருள் அதிகம் தங்கியது, எரிச்சலும் கூடியது. ‘இன்னும் போகலையே’ என்று மேலும் சோப்பைத் தேய்ப்பது கசடுக்குக் கசடு சேர்க்கும் வேலை.

சோப்பின் காரமும் கவனிக்க வேண்டியது. அமிலமா காரமா என்று அளக்கும் பிஎச் அளவுகோலில் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 5; லேசான அமிலம். சாதாரண சோப்பு 9 முதல் 10. தோல் ஷாப்பின் சுண்ணாம்புக் குழி 12க்கு மேல். இந்த அளவுகோலில் ஒரு படி ஏறினால் காரம் பத்து மடங்கு என்பதால் சோப்பைச் சுண்ணாம்போடு ஒப்பிட முடியாது. ஆனால் திசை ஒன்றே. இரண்டும் சருகை ஊதவைக்கும். சருகுகளுக்கு நடுவே உள்ள கொழுப்பை இழுக்கும். குழியில் இறங்கி வேலை பார்த்தவர்களின் கால்களைச் சுண்ணாம்பு அரித்ததும் இதே வழியில்தான்.

வார் விழுந்த தடம்

இதுவரை பார்த்தது சருகின் வெளுப்பு. நிறத்தின் ஏற்ற இறக்கம் வேறு கதை. அது ஓர் அடுக்கு கீழே நடக்கிறது.

மேலடுக்கின் அடித்தளத்தில் மெலனினைத் தயாரிக்கும் செல்கள் இருக்கின்றன. கறுத்தவருக்கும் சிவந்தவருக்கும் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. தயாராகும் மெலனினின் அளவும் அது பொதியும் விதமும்தான் மாறுகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் இந்தச் செல்கள் கூடுதலாக மெலனின் தயாரித்து, பக்கத்துச் செல்களின் உட்கருவுக்கு மேலே குடையாகக் கவிக்கின்றன. மரபணுவைக் காக்கும் ஏற்பாடு இது. செருப்பு வார் மறைத்த இடத்தில் அந்தத் தேவை இல்லை. அதுதான் காலில் விழும் பட்டை.

கொசுக்கடி, சொறிந்த இடம், ரேசர் கீறல் இவையும் மெலனினைத் தூண்டும். காயம் ஆறியபின்னும் கருமை மாதக்கணக்கில் நிற்கும். முழங்காலின் கருமைக்கு உராய்வும் ஒரு காரணம். பீர்க்கங்கூட்டாலும் கல்லாலும் அழுத்தித் தேய்த்து அதைப் போக்க நினைத்தால் உராய்வு கூடும், கருமையும் கூடும்.

அடித்தளத்தில் பிறந்த செல் சருகாகி உதிர நாலு முதல் எட்டு வாரம் ஆகும். நிறம் சமனாவதற்கு இப்படிப் பல சுற்று தேவைப்படலாம். ‘ஏழே நாளில்’ என்று அட்டையில் எழுதியிருந்தால், அது நிறத்தை மாற்றவில்லை. சருகின் மினுக்கை மட்டும் மாற்றியிருக்கிறது.

ஆவாரம்பூப் பொடி? ஆவாரையின் துவர்ப்பு தோலைப் பதனிட்டது உண்மை. ஆனால் அது பற்றிக்கொண்டது மேலடுக்கைச் சுரண்டியபின் வெளிப்பட்ட கொலாஜனை. நம் காலில் அந்த மேலடுக்கு பத்திரமாக இருக்கிறது. பூப்பொடி இதமான குளியல் பொடியாக இருக்கலாம். அடியில் உள்ள நிறமியைத் தொடாது.

வீட்டில் செய்யக்கூடியது

குளியலைப் பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். கொதிக்கும் வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். சோப்பைப் பாதத்துக்கும் அக்குளுக்கும் இடுக்குகளுக்கும் போடுங்கள். அழுக்குப் படாத முன்னங்காலுக்குத் தினமும் சோப்பு தேவையில்லை. பாசிப்பயறு மாவோ, காரம் குறைந்த சோப்பில்லாக் கட்டியோ நல்லது. நல்ல தண்ணீர் இருந்தால் கடைசி இரண்டு சொம்பு அதில் ஊற்றுங்கள்.

துண்டால் ஒற்றி எடுங்கள். கால் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். தேங்காய் எண்ணெய் தாராளமாகப் போதும். 2004இல் பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் கொண்ட 34 பேரின் கால்களில் தினம் இரண்டு வேளையாக இரண்டு வாரம் சோதித்தார்கள். தேங்காய் எண்ணெயும் கனிம எண்ணெயும் சமமாகவே பலன் தந்தன; இரண்டிலும் தோலின் ஈரம் கூடியது.

இதற்கும் அடங்காத வறட்சிக்கு மருந்துக்கடையில் 10 சதவீத யூரியா கிரீம் கிடைக்கும். கரைந்துபோன ஈரம்பிடிப்பானையே திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு அது. வெடிப்போ புண்ணோ இருந்தால் எரியும். அது ஆறும்வரை பொறுக்க வேண்டும்.

நிறத்துக்கு வெயிலை மறைப்பதே முதல் மருந்து: பாதம் மூடும் செருப்பு, வண்டியில் போகும்போது சாக்ஸ், அல்லது வெயில்காப்புக் கிரீம். எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். அதிலுள்ள பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைப் பொசுக்கிக் கருந்திட்டை விட்டுச் செல்லும்.

பெயர் தெரியாத ‘சிவப்பழகு’ கிரீம்கள் பக்கமே போக வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். நாள்பட்டால் தோலை மெலியவைக்கும். சிலவற்றில் பாதரசம். 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே கேரளத்து மருத்துவர்கள் ஒருவகைச் சிறுநீரகக் கோளாறு கொண்ட 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேரிடம் நோயின் ஓர் அரிய வகை தென்பட்டது. அந்தப் பதினைந்தில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். தோலில் பூசியது தோலோடு நிற்கும் என்று நம்புவதற்கில்லை.

எப்போது மருத்துவர்?

சில வெளுப்பு எண்ணெய்க்கு மறையாது. எல்லை தெளிவாக, பால்போல வெளுத்த திட்டு வெண்புள்ளியாக இருக்கலாம். அது தொற்றாது, சிகிச்சை உண்டு. வெளிறிய திட்டில் தொடு உணர்ச்சி குறைந்திருந்தால் தொழுநோய்ச் சோதனை அவசியம். அதற்கான மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம், முழுதும் குணமாகும். கணுக்காலைச் சுற்றிப் பழுப்புக் கருமையும் வீக்கமும் இருந்தால் கோளாறு இரத்தக் குழாயில் இருக்கலாம். சர்க்கரை நோயாளிகள் பாத வெடிப்பை அழகுப் பிரச்சினையாகவே நினைக்கக் கூடாது. திண்டுக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தோல் மருத்துவரிடம் காட்டிவிடலாம்.

மற்றவர்கள் ஒரு சோதனையைத் தாங்களே செய்துபார்க்கலாம். இரண்டு வாரத்துக்கு இரண்டு காலுக்கும் ஒரே எண்ணெய், ஒரே அளவு. வலது காலில் ஈரத்தோடு தடவுங்கள். இடது காலில் நன்றாகத் துடைத்துக் காய்ந்து அரை மணி நேரம் கழித்துத் தடவுங்கள். தடவிய கையோடு பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் மினுக்கும். அந்த நேரத்துப் பார்வையை நம்பாதீர்கள். மறுநாள் காலை, குளிப்பதற்கு முன், ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். எண்ணெய் தேய்ந்துபோன அந்த நேரத்தில் மிச்சம் நிற்பது தண்ணீர் மட்டுமே. எந்தக் கால் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதை அந்த வெளிச்சம் காட்டிவிடும்.